நீர்மோர்ப் பதம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு சோபா நாற்காலி கிடக்கிறது. ஒருவர் உட்காரும் அளவு. கருநீலத் துணி. வருகிறவர்கள் அதில் சாய்ந்து, கைப்பிடி மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே, “இந்தத் துணி எங்க எடுத்தீங்க?” என்று கேட்பார்கள். எங்கும் எடுக்கவில்லை. துணி முப்பது வருஷத்துப் பழசு. நீலம் மட்டும்தான் புதுசு. அது பெயிண்ட்.

பெயிண்ட் என்று சொன்னதும் ஓடிய கை நின்றுவிடும். பிறகு மறுபடி ஓடும். இந்த முறை மெதுவாக, விரல் நுனியால். நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்களும் உண்டு. பெயிண்ட் என்றால் நமக்கு வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் நினைவுக்கு வரும். மேலே படியும், இறுகும், ஒரு நாள் உரியும். துணிக்கும் அதற்கும் என்ன உறவு? அந்தக் கையின் தயக்கத்தை நான் ரசித்துப் பார்ப்பேன். ஏனென்றால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் செய்ததுதான் அத்தையின் கைவேலை. அதை ஒவ்வொரு படியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நாற்காலிக்கு வந்த நோய் நரை ஒன்றுதான். தேக்குச் சட்டம் அசையவில்லை. ஸ்பிரிங் முனகவில்லை. துணி எங்கும் கிழியவில்லை. மேற்கு ஜன்னலோரம் கிடந்ததால் பாசிப்பச்சை நிறம் ஒரு பக்கம் சாணி மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது; மறுபக்கம் இன்னும் பச்சை. குஷன் கடைக்காரர் வந்து பார்த்தார். பழைய துணியைப் பிரித்து, ஸ்பாஞ்ச் மாற்றி, புதுத் துணி அடித்துக் கொடுக்க 11,000 ரூபாய் என்றார். நியாயமான விலையாகவே இருக்கலாம். அவர் போனதும் அத்தை நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்து சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “நிறம் மட்டுந்தானே போச்சு? நிறத்தை மட்டும் குடுத்தாப் போதும்.”

அத்தை அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தலையணை உறையில் ரோஜாப்பூவும் புடவைத் தலைப்பில் மயிலும் ஃபேப்ரிக் பெயிண்டில் போடச் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறைப் பெண்களை அனுப்பி வைத்தவர். அதனால் அவருக்குப் பெயிண்டைப் பற்றிப் பயமில்லை. துணியைப் பற்றித்தான் யோசனை.

முதல் வேலை, துணியிடம் சம்மதம் கேட்பது. விரலைத் தண்ணீரில் தொட்டு நாற்காலியின் முதுகில் ஒரு சொட்டு வைத்தார். சேம்பிலைத் தண்ணீர் போல அது உருண்டு நின்றால் வேலையை அங்கேயே விட்டுவிட வேண்டும். கறை பிடிக்காமலிருக்க ஆலையிலேயே மேற்பூச்சு கொடுத்த துணி என்று அர்த்தம். தண்ணீரை ஏற்காதது தண்ணீரில் கரைத்த வண்ணத்தையும் ஏற்காது. இங்கே சொட்டு ஒரு கணம் நின்றது, ஓரம் கலங்கியது, உள்ளே போய்விட்டது. அது போன இடத்தில் காலணா அகலத்துக்கு ஓர் ஈரவட்டம். “குடிக்குது,” என்றார் அத்தை, கைக்குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

பிறகு நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் மடித்து ஆணியடித்திருந்த துணி விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். காகிதம் எரியும் வாசனை வந்தது. சாம்பல் விரலில் மாவாக உதிர்ந்தது. பருத்தி. பாலியஸ்டராக இருந்தால் உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டியாக நின்றிருக்கும். அதிலும் வண்ணம் அடிக்கலாம். ஆனால் பருத்தி தன் நாருக்குள்ளேயே ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் இழைகளுக்கு நடுவே மட்டும்தான் இடம் கொடுக்கும். விருந்தாளியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதற்கும் திண்ணையோடு அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

கவிழ்ந்து கிடந்த அந்த நேரத்தில்தான் துணியின் நெசவைக் கிட்டத்தில் பார்த்தேன். வேறு நிற நூல் எதுவும் சேர்க்காமல், பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று தாவும் கணக்கை மட்டும் மாற்றி மாற்றி நெய்த பூக்கள். தரை மங்கலாக இருந்தால் பூ பளபளக்கும். பக்கம் மாறிப் பார்த்தால் பூ மங்கித் தரை பளபளக்கும். முப்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பூ இருப்பது தெரியாது. வெயில் தின்ற நிறத்தோடு பூவும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டிருந்தது.

தூசு தட்டி, பிரஷ் போட்டு, ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் காயவிட்டதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். வண்ணம் கலக்கியதை அப்படிக் கடக்க முடியாது.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கருநீல அக்ரிலிக் வண்ணம் இரண்டு பங்கு, ஃபேப்ரிக் மீடியம் ஒரு பங்கு. மீடியம் என்பது பார்க்கப் பால் போல இருக்கும் ஒரு திரவம். காய்ந்த வண்ணத்தை விறைக்க விடாமல் மடங்க வைப்பது. அக்ரிலிக் வண்ணத்தில் நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது நெகிழித் துகள்கள். தண்ணீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும். அந்தப் படலம் இழையைச் சுற்றினால் துணி. இழைகளுக்கு மேலே பாய் விரித்தால் ரெக்ஸின். இரண்டுக்கும் நடுவே இருப்பது தண்ணீர்தான். அத்தை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, குச்சியைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தார். இட்லி மாவு மாதிரி மடிந்து விழுந்தது. இன்னும் தண்ணீர். தோசை மாவு. இன்னும் தண்ணீர். கடைசியில் குச்சியில் ஒரு நீலக் கண்ணாடிப் பூச்சு மட்டும் நிற்க, மற்றதெல்லாம் சலசலவென்று வழிந்தது. “நீர்மோர்,” என்றார். “பசிக்குக் குடிக்கிறதில்ல, தாகத்துக்குக் குடிக்கிற மோரு. அதான் பதம்.”

இவ்வளவு நீர்த்துப்போனால் நிறம் எங்கே பிடிக்கும் என்று கேட்டேன். “ஒரே நாள்ல பிடிக்கணும்னு யாரு சொன்னா?”

அடுத்து அவர் செய்தது, வண்ணத்துக்கு முன்னால் வெறும் தண்ணீரைத் தெளித்தது. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் நாற்காலியின் முதுகு முழுக்கப் பனி படிந்த மாதிரி. நனைந்து சொட்டக்கூடாது, கை வைத்தால் குளிர வேண்டும், அவ்வளவுதான். உலர்ந்த துணியில் வண்ணத்தை வைத்தால் முதலில் பட்ட இழை பேராசையோடு உறிஞ்சிக்கொள்ளும். பிரஷ் தொட்ட இடம் கறுத்து, தொடாத இடம் வெளுத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். இழை இடுக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் வண்ணம் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக்கும் ஆழத்துக்கும் நகரும். பிரஷ் போன தடமே தெரியாது. பிரஷ்ஷை வைத்ததும் அந்த நீலம் தானாக ஒரு விரற்கடை நடந்து போனதைப் பார்த்தேன். நடந்து, வேகம் குறைந்து, ஓரம் மங்கி, நின்றது.

அதைப் பார்த்தபோது எனக்கு இதே ஊரில் கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்பு ஒருவர் இதே நகர்வைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது. கஸ்தோன் லொரான் கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார். சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை 1767-இல் பாரிசுக்கு எழுதியனுப்பிய அதே மனிதர். அவர் 1742-இல் எழுதிய ஒரு கடிதம் முழுக்க, சோழமண்டலக் கரையில் துணியில் எப்படிச் சித்திரம் தீட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால், 1730-களில், பொலியூ என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஓர் ஓவியரின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வாங்கிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் பாரிசில் பத்திரமாக இருக்கின்றன. நம்மவர் கையிலிருந்த ரகசியத்தைக் கொண்டுபோகத்தான் இத்தனை அக்கறை. ஆனாலும் கைவேலையைப் படிப்படியாகப் பார்க்கத் தெரிந்த கண்கள் அவை. அந்த மட்டில் எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

அந்த ஓவியர்களின் சிக்கல் அத்தையின் சிக்கலுக்கு நேர் எதிரானது. அத்தைக்கு வண்ணம் பரவ வேண்டும், அவர்களுக்குப் பரவக்கூடாது. மயிரிழைக் கோடு போட வேண்டும். துணியோ எதையும் பரப்பிவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி எருமைப்பால். கடுக்காய் அரைத்துப் பாலில் கலந்து அதில் துணியைத் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு இழைகளின் ஓரத்தில் நின்று, ‘இதற்கு மேல் போகாதே’ என்று தடுக்கும். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதை எந்தச் சோதனைச்சாலையும் அவர்களுக்குச் சொல்லவில்லை, கோடு சொல்லியிருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து அழைக்கிறார் அத்தை. மறுபக்கம் பால் தோய்த்துத் தடுக்கிறார்கள் அவர்கள். இரண்டு வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான்: நிறத்தைத் தொடுவதற்கு முன் துணியின் தாகத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது.

பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். அகலத் தட்டைப் பிரஷ்ஷை அத்தை தொடவில்லை. குட்டை மயிர் வைத்த, உருண்டையான, கொஞ்சம் தேய்ந்த பழைய பிரஷ். முதலில் வட்ட வட்டமாகத் தேய்ப்பு, பாத்திரத்தில் அடிப்பிடித்ததைத் தேய்ப்பது போல. பாவு ஊடையின் பள்ளத்துக்குள் வண்ணம் இறங்குவதற்கு. அது ஈரமாக இருக்கும்போதே பாவு ஓடும் திசையில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு, தேய்த்ததன் சுவட்டை அழிப்பதற்கு. இந்தக் கடைசி இழுப்பைப் பார்க்க வேண்டும். அதில் அழுத்தமே இல்லை. குழந்தையின் தலையை வாரிவிட்டுச் சீப்பை எடுக்கும் கை அது.

நாற்காலியின் ஓரங்களில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங் ஓடுகிறது. அமெச்சூர் கை தோற்கும் இடம் அதுதான். பைப்பிங்குக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் வண்ணம் வாய்க்கால் தண்ணீர் போலத் தேங்கும். தேங்கியது தடித்துக் காயும். தடித்துக் காய்ந்தது வெடிக்கும். அத்தை அங்கே சின்ன பிரஷ்ஷுக்கு மாறினார். இடது கைக் கட்டைவிரலால் பைப்பிங்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பள்ளத்தைத் திறந்தார், வண்ணம் கொஞ்சம் காட்டினார், உடனே பழைய வேட்டித் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி அந்தப் பள்ளத்தில் ஓட்டி, மிச்சத்தை எடுத்துவிட்டார். கொடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முதுகில் ஒன்பது பட்டன்கள். ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் மடிப்புகள், தொப்புளைச் சுற்றிய சதை மாதிரி. ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு விரலால் விரித்து, உள்ளே நீலம் காட்டி, துடைத்து, மூடினார். யாரும் அந்த மடிப்பை விரித்துப் பார்க்கப்போவதில்லை. ஆனால் உட்கார்ந்தால் மடிப்பு தானாக விரியும். விரியும்போது உள்ளேயிருந்து பச்சை பல்லைக் காட்டினால் வேலை கெட்டது.

முதல் கோட்டு முடிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீலம் என்றே சொல்ல முடியாது. மழை நேரத்து வானம் மாதிரி ஒரு சாம்பல் கலங்கல். அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. அத்தை பிரஷ்ஷைக் கழுவிவிட்டு டீ போடப் போனார்.

பங்குனி வெயிலிலும் கடற்காற்றின் ஈரத்தால் அது காய ஒரு பகல் ஒரு இரவு ஆனது. மறுநாள் காலை தொட்டால், கஞ்சி போட்ட வேட்டி. மொடமொடப்பு. தண்ணீர் பட்டதும் பருத்தியின் மேற்பஞ்சு எழுந்து நின்று, எழுந்தபடியே வண்ணத்தில் காய்ந்திருந்தது. இரண்டு நாள் தாடி போல. இதற்குத்தான் உப்புத்தாள். மரவேலைக்குத் தொடங்கும் முரட்டுத்தாள் ஆகாது. 400-ஆம் நம்பர், விரலில் தடவினால் காகிதமா உப்புத்தாளா என்று சந்தேகம் வரும் அளவு மென்மையானது. அதை நாலாக மடித்து, துணி மேல் வைத்து, அதன் சொந்த எடையிலேயே ஓட்டினார். சத்தம் ஸ்ஸ்ஸ் என்று ஒரே சுதியில் வந்தது. பஞ்சு இருக்கும் இடத்தில் சுதி கொஞ்சம் கரகரக்கும், அங்கே மட்டும் இன்னொரு ஓட்டு. நீலத் தூசு மெல்லிசாக எழுந்தது. மறுபடி கையை வைத்தேன். மொடமொடப்பில் பாதி போயிருந்தது.

இரண்டாவது கோட்டிலும் அதே வரிசை. தண்ணீர்த் தெளிப்பு, நீர்மோர், தேய்ப்பு, இழுப்பு, துடைப்பு, காய்தல், உப்புத்தாள். மூன்றாவதிலும் அதே. அடர்த்தியாகக் கலந்து ஒரே தடவையில் மூடியிருந்தால் ஒரு நாள் வேலை. அவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் ஐந்து நாளும் சேர்த்துச் செலவான வண்ணம், ஒரே நாளில் மூட ஆகியிருக்கும் வண்ணத்தைவிடக் குறைவு. சிக்கனம் என்பதை நாம் பெரும்பாலும் ஒரு குறையாகவே பார்க்கிறோம். பணம் இருந்திருந்தால் நன்றாகச் செய்திருக்கலாம் என்று. இந்த வேலையில் அது தலைகீழ். பெயிண்ட் மிச்சமாக மிச்சமாகத் துணி துணியாக இருக்கிறது. கை தாராளமாகும்போதுதான் ரெக்ஸின் ஆகிறது.

மூன்றாவது கோட்டு காய்ந்த அன்று மாலை, மேற்கு ஜன்னல் வெயில் சாய்வாக நாற்காலியின் முதுகில் விழுந்தபோது பூக்கள் திரும்பி வந்தன.

நிறம் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கருநீலம். ஆனால் நெசவில் பாவு தாவிய இடங்கள் மேடு; ஊடை தாவிய இடங்கள் பள்ளம். வெயில் மேட்டைத் தொட்டது, பள்ளத்தைத் தொடவில்லை. நீலத்துக்குள் நீலமாக ஒரு கொடி, இலை, விரிந்த பூ, மறுபடி கொடி. நேற்றுப் போட்ட கோலத்தைப் பெருக்கிவிட்ட பிறகும் வாசலில் சாய்ந்து பார்த்தால் ஈரத்தில் தடம் தெரியுமே, அது மாதிரி. பெயிண்ட் கனத்திருந்தால் அந்தப் பள்ளங்கள் நிரம்பிப் பூ புதைந்திருக்கும். வெயில் அழித்ததை வெயிலே காட்டிக்கொடுக்கும்படி விட்டுவைத்தது அந்த நீர்மோர்ப் பதம்தான். நான் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தை வந்து பார்த்தார். “அட, பூவெல்லாம் இருக்கா இதுல,” என்றார். முப்பது வருஷம் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தீட்டிய துணியைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் போடுவது என்பது புதுச் சிக்கனக்காரர்களின் குறுக்குவழி என்று ஒதுக்க முடியாது. சோழமண்டலக் கரையில் இப்படித் தீட்டிய சீட்டித்துணி ஒரு காலத்தில் ஐரோப்பிய மாளிகைகளின் கட்டில் திரையாகவும் சுவர்த்திரையாகவும் இருக்கை உறையாகவும் தொங்கியது, போர்த்தியது. அதன் மேல் ஆசை அவ்வளவு பெரிதாகப் போக, பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்து வைத்திருந்தது. இங்கிலாந்து 1721-இல் போட்ட சட்டம் உடுப்பதை மட்டும் தடுக்கவில்லை. வீட்டுச் சாமான்களிலும் அந்தத் துணி இருக்கக்கூடாது என்றது. நாடக நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து பரிசாக வந்த கட்டில் திரைத் துணியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். 1775-இல் காரிக் அதற்காக மன்றாடிக் கடிதம் எழுதினார். மசூலிப்பட்டினப் பக்கத்தில் தீட்டப்பட்ட அந்தத் துணி இன்று லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய கட்டிலோடு இருக்கிறது. அந்த 1721 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்: முழுக்க நீலமாகச் சாயமேற்றிய பருத்திக்குத் தடை கிடையாது. அத்தையின் நாற்காலி அன்றைய லண்டனிலும் தப்பித்திருக்கும்.

அந்தச் சீட்டித்துணியின் அழகு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அதுவும் வைத்ததில் பாதி, வைக்காததில் பாதி. மூங்கில் எழுதுகோலின் முனைக்கு மேல் சுற்றிய கம்பளிப் பொதியை விரலால் அழுத்தும் அளவுக்கு ஏற்ப நீர் இறங்கும். அழுத்தம் குறைந்தால் கோடு மெலியும். சிவப்பு வேண்டிய இடத்தில் அவர்கள் சிவப்பை வைப்பதில்லை, படிகார நீரை வைப்பார்கள்; அதற்கு நிறமில்லை. பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கும் கொப்பரையில் துணியை முக்கினால், படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும்; மற்ற இடத்தில் ஒட்டியது சாணி நீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். அவுரித் தொட்டியில் இறங்குமுன் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைப்பார்கள். வெள்ளை என்று அந்தத் துணியில் ஒரு நிறத்தை யாரும் தீட்டியதில்லை. வெள்ளை, விட்ட இடம். பச்சைக்கு நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசுவார்கள்; மஞ்சளுக்கு ஆயுசு குறைவு. அதனால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சீட்டிகளில் இலைகளெல்லாம் நீலமாக நிற்கின்றன. வெயில் அங்கேயும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது.

கடைசிப் படி, சூடு. வெறும் காய்தலோடு விட்டால் ஈரத்துணி பட்டுப் பட்டு நிறம் மெல்லக் கழன்றுவரும். சூடு பட்டால் படலத் துகள்கள் இன்னும் நெருங்கிப் பற்றிக்கொள்ளும். நாற்காலியைத் தூக்கி இஸ்திரி மேசையில் போட முடியாதே. அத்தை இஸ்திரிப் பெட்டியை நாற்காலிக்குக் கொண்டுபோனார். பழைய வேட்டியை நனைக்காமல் மேலே விரித்து, ஓரிடத்தில் நிற்காமல் பெட்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுக்குத் தேங்கிய சூடு ஆகாது. சீட்டிக்காரர்கள் தங்கள் துணிக்குக் கஞ்சி ஏற்றி, கொட்டாப்புளியால் அடித்து, சங்கால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் கொண்டுவந்த ‘சாக் பெயிண்ட்’ என்ற வண்ணத்தைத் துணியில் அடிக்கிறவர்கள் கடைசியில் மெழுகைத் துணியில் எடுத்துத் தேய்க்கிறார்கள். எந்த ஊரானாலும் கடைசியில் ஒரு தேய்ப்பு. வண்ணத்தின் வேலை முடிந்த பிறகு கையின் வேலை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைத்து நான் என் வீட்டில் ஒரு வெல்வெட் முக்காலியில் கை வைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று இட்லி மாவுப் பதத்தில் அடித்தேன். வெல்வெட்டின் பூமயிர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகு மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி நின்றது. உட்கார்ந்ததும் சத்தம் வந்தது. ஒரு வாரத்தில், உட்காரும் நடுவில், சித்திரை மாத ஏரி மாதிரி வெடிப்புகள். அதைப் பார்த்து அத்தை திட்டவில்லை. “பசியில அடிச்சிருக்கே,” என்றார்.

நாற்காலிக்கு இப்போது இரண்டு வருஷம். கைப்பிடியின் முனையில், எல்லோருடைய உள்ளங்கையும் வந்து இறங்கும் இடத்தில், பைப்பிங்கின் முகட்டில் மட்டும் நீலம் தேய்ந்து ஒரு நூல் பச்சை தெரிகிறது. பித்தளைக் குத்துவிளக்கில் கை படும் இடம் மட்டும் வெளுத்துப் பொன்னாக இருக்குமே, அப்படி. தொட்டுச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும், அத்தை செய்யவில்லை. தலை சாயும் இடத்தில் எண்ணெய்க்குப் பயந்து ஒரு குரோஷா விரிப்பு. மற்றபடி அது துணி. அமர்ந்தால் அமுங்குகிறது, எழுந்தால் மெல்ல எழும்புகிறது, எந்தச் சத்தமும் இல்லை. மொத்தச் செலவு, உப்புத்தாள் உட்பட, ஆயிரம் ரூபாய்க்குள்.

போன மாதம் போயிருந்தபோது ஒரு பேனா மூடி நாற்காலிக்குள் விழுந்துவிட்டது. எடுப்பதற்காக உட்காரும் மெத்தையைத் தூக்கினேன். அடியில், நீலத்துக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே இருந்தது. ஓரம் நேர்த்தியாக, நாலு பக்கமும் அளந்து விட்ட மாதிரி. வெயிலே படாத இடம் என்பதால் பூவின் பளபளப்புகூடப் போகவில்லை. வாங்கிய நாளில் இந்த நாற்காலி இப்படித்தான் இருந்திருக்கும். நான் அதைப் பார்த்தபடியே நின்றேன். சீட்டித்துணியின் வெள்ளை மாதிரி வேண்டுமென்றே விட்ட இடம். பழைய நாற்காலிக்குத் தன் நினைவு மறந்துபோகாமலிருக்க அத்தை வைத்த சாட்சி. இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவர் அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

“அங்க எவன்டா பாக்கப்போறான்? பெயிண்ட் மிச்சம்.”